பத்து நிமிடம் என்றால் எத்தனை நிமிடம்?

பிளாட்பாரத்தில் நல்ல வெயில். தூண்களின் நிழலில் ஆளுக்குக் கொஞ்சம் இடம் பிடித்து நின்றுகொண்டிருந்தோம்; நிழல் நகர நகர நாங்களும் கூடவே நகர்ந்துகொண்டிருந்தோம். அப்போதுதான் ஒலிபெருக்கியில் அந்தக் குரல்: மோசமான வானிலை காரணமாக ரயில் சுமார் பத்து நிமிடம் தாமதமாக வரும், சிரமத்துக்கு வருந்துகிறோம். ஒரு விநாடி யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர் அண்ணாந்து வானத்தைப் பார்க்க, அவரைப் பார்த்து எல்லோரும் அண்ணாந்து பார்க்க, மருந்துக்கும் மேகம் இல்லாத அந்த நீலத்தைக் கண்டு பிளாட்பாரமே சிரித்தது. நானும் சிரித்தேன். ரயில் வந்து சேர்ந்தது 43 நிமிடம் கழித்து. அதற்குள் சிரிப்பெல்லாம் வற்றிவிட்டது.

வானிலை என்று சொன்னது உண்மைதான் என்று அன்று இரவுதான் தெரிந்தது. வழித்தடத்தின் மறுகோடியில், நாங்கள் நின்ற இடத்திலிருந்து வெகுதூரத்தில், விடியற்காலையில் கொட்டித் தீர்த்திருக்கிறது. எங்களை ஏற்றிக்கொள்ள வேண்டிய ரயில் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். நான் நிற்கிற இடத்தின் வானத்துக்கும் நான் ஏறப்போகிற ரயிலுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்க வேண்டியதில்லை, அது எங்கேயோ நனைந்துவிட்டு என்னிடம் வருகிறது. ஆக, நாங்கள் சிரித்த வார்த்தை உண்மை. பொய் இருந்தது ‘பத்து’ என்ற எண்ணில். அதை நாங்கள் அத்தனை பேரும் கேள்வியே கேட்காமல் நம்பினோம்.

மறுநாள் ஒரு சின்னக் குறிப்பேடு வாங்கினேன். கோபத்தில் வாங்கியதுதான், மறைக்க ஒன்றுமில்லை. தேதி, அறிவிப்பில் சொன்ன நிமிடம், நிஜத்தில் ஆன நிமிடம், இரண்டுக்கும் வித்தியாசம், சொன்ன காரணம் என்று ஐந்து கட்டங்கள். இரண்டு வருடத்துக்கு மேலாக எழுதிக்கொண்டு வருகிறேன். வீட்டில் இதை என் வியாதி என்கிறார்கள், அலுவலகத்தில் என் சாக்குப் புத்தகம் என்கிறார்கள். பத்து என்று சொல்லிப் பத்திலேயே முடிந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலும் பத்து நிமிடம் முடிகிற நேரத்தில் ‘மேலும் பத்து நிமிடம்’ என்று வரும், அது முடிந்ததும் இன்னொரு பத்து. ஒரே எண்ணை மூன்று முறை கேட்டு முடிக்கும்போது அரை மணி போயிருக்கும். முதலிலேயே அரை மணி என்று சொல்லியிருந்தால் நான் வேறு வழி பார்த்திருப்பேன், அல்லது உட்கார்ந்து உருப்படியாக எதையாவது படித்திருப்பேன். பத்து நிமிடத்தை நம்பி நிற்கிற ஆளால் உட்காரவும் முடியாது, போகவும் முடியாது. பையைத் தோளில் மாட்டியபடி தண்டவாளம் வளைகிற திசையையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இந்தக் குறிப்பேடு எனக்கு ஒரு சிநேகிதத்தைக் கொடுத்தது. என் பெட்டியில் தினமும் ஏறுகிற ஒரு பெண்ணைப் பற்றி எனக்கு வெகுநாளாக ஒரு குழப்பம் இருந்தது. ரயில் நடுவழியில் நின்று ஐந்து நிமிடம் தாண்டினால் அவர் கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார், ரயில் நகர்ந்து வேகம் பிடித்ததும் எடுத்து மாட்டிக்கொள்வார். நான் குறிப்பேட்டில் எழுதுவதை ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணா, நீங்க பத்திரிகைக்காரரா?” என்று கேட்டார். இல்லை, கோபக்காரன் என்றேன். நானும் அட்டை விஷயத்தைக் கேட்டேன். ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பில் வேலையாம். “ஒரு தடவை அட்டையைப் பார்த்துட்டு ஒருத்தர் அரை மணி நேரம் என்னைத் திட்டினார் அண்ணா. அன்னைக்கு நான் லீவு வேற.”

மழை பெய்தால் ரயில் ஏன் நிற்க வேண்டும் என்று எனக்குச் சரியாகப் புரியவைத்தது அவர்தான். அதுவரை தண்டவாளம் மூழ்கினால்தான் ரயில் நிற்கும் என்று நினைத்திருந்தேன். பல நாள் தண்டவாளம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், தண்ணீர் ஜல்லிக்குக் கீழேதான் இருக்கும், சிக்னல் மட்டும் சிவப்பில் உட்கார்ந்திருக்கும். விஷயம் இதுதான். தண்டவாளத்தின் ஒரு துண்டில் இரண்டு கம்பிகள் வழியாகவும் கொஞ்சம் மின்சாரத்தை ஓடவிடுகிறார்கள். மறுமுனையில் ஒரு ரிலே இருக்கிறது, அதாவது மின்சாரம் வருகிற வரை மேலே நின்று, நின்றுபோனால் கீழே விழுகிற ஒரு சின்ன சுவிட்ச். மின்சாரம் அதுவரை போய்ச் சேர்ந்தால் ‘பாதை காலி’ என்று பொருள். ரயில் அந்தத் துண்டுக்குள் நுழைந்ததும் சக்கரமும் அச்சும் இரண்டு கம்பிகளையும் இணைத்துவிடும், மின்சாரம் குறுக்கு வழியில் திரும்பிவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் என்பவர் 1872இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். சக்கரங்களை எண்ணுகிற கருவிகள் பல தடங்களில் வந்துவிட்டாலும் இந்தப் பழைய ஏற்பாடும் உலகம் முழுக்க இன்னும் வேலை செய்கிறது.

இப்போது மழையைக் கொண்டு வாருங்கள். அழுக்குத் தண்ணீர் ஜல்லியில் ஊறி இரண்டு கம்பிகளுக்கும் நடுவே நின்றால், ரயிலின் அச்சு செய்கிற வேலையை அதுவே செய்துவிடும். மின்சாரம் கசிந்து குறையும், ரிலே விழும். பாதையில் ரயிலே இல்லை, ஆனால் இருக்கிறது என்று சிக்னல் நினைக்கிறது. கம்பி அறுந்தாலும் இதேதான், மின்சாரம் போனாலும் இதேதான், எது கெட்டாலும் சிவப்பு. பாதை காலி என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பச்சை. “சிவப்பு விழுந்தா ஏதோ கெட்டுப்போச்சுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. சிஸ்டம் சரியா இருக்கிறதாலதான் அண்ணா சிவப்பே விழுது” என்றார் அவர். அதன் பிறகு ஒவ்வொரு ரயிலுக்கும் தனித்தனியாக அனுமதி கொடுத்து, ஓட்டுநர் முன்னால் கண்ணால் பார்த்துப் பார்த்து, நடக்கிற வேகத்தை விடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் அந்தத் துண்டைக் கடக்க முடியும். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு நாய் நம் ரயிலை முந்திக்கொண்டு போவதைப் பார்த்துப் பற்களைக் கடித்த காலைகள் எனக்கு நிறைய உண்டு. இப்போதும் கடிக்கிறேன், காரணம் தெரிந்து கடிக்கிறேன்.

இதற்கு நேரெதிர் ஒன்றும் இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம். குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்தில் தண்டவாளத்தில் விழும் ஈர இலைகளைச் சக்கரங்கள் நசுக்கி நசுக்கி, கறுப்பாகக் கெட்டியான ஒரு படலமாக ஆக்கிவிடும். பிரிட்டனில் இது வருடா வருடம் வரும் தலைவலி. ‘தண்டவாளத்தில் இலை’ என்று ரயில் தாமதத்துக்குக் காரணம் சொன்னால் வெளியில் இருப்பவர்களுக்குக் கேலியாகத்தான் தெரியும். அந்தப் படலத்தில் சக்கரம் வழுக்கும், பிரேக் போட்ட இடத்தில் ரயில் நிற்காது. அது போதாதென்று, அந்தப் படலம் மின்சாரத்தையும் தடுத்துவிடும், ரயில் நிற்கிற துண்டையே சிக்னல் காலி என்று நினைத்துவிடக்கூடும். தண்ணீர், இல்லாத ரயிலைக் காட்டுகிறது; இலை, இருக்கிற ரயிலை மறைக்கிறது. அதனால் அங்கே இலையுதிர் காலத்தில் தண்டவாளத்தைக் கழுவுவதற்கென்றே தனி ரயில்கள் ஓடுகின்றன. உயர் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சி, மணல் கலந்த ஒரு பசையைத் தடவிக்கொண்டே போகும்.

வெயில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் குறிப்பேட்டில் ‘வானிலை’ என்று காரணம் சொன்ன நாட்களில் கணிசமானவை கொளுத்தும் கோடை நாட்கள். பெய்தும் கெடுத்தது, காய்ந்தும் கெடுத்தது என்பது ரயிலுக்கு அப்படியே பொருந்தும். எஃகு சூட்டில் நீளும் என்பது பள்ளியில் படித்தது. எவ்வளவு நீளும் என்று கணக்குப் போட்டால்தான் தூக்கிவாரிப் போடும். ஒரு கிலோமீட்டர் தண்டவாளம், வெப்பம் 40 டிகிரி கூடினால், கிட்டத்தட்ட அரை மீட்டர் நீள வேண்டும். பழைய காலத்தில் துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டுப் பூட்டியிருந்தார்கள், நீள்வதற்கு இடம் இருந்தது. சின்ன வயதில் நாம் கேட்ட தடக்-தடக் சத்தம் அந்த இடைவெளியின் சத்தம்தான். இப்போது மைல் கணக்கில் பற்றவைத்த ஒரே கம்பி, இடைவெளி இல்லை, சத்தமும் இல்லை. நீள இடமில்லாத எஃகு என்ன செய்யும்? உள்ளுக்குள்ளேயே முட்டிக்கொண்டு கிடக்கும். கட்டைகளும் ஜல்லியும் பிடித்து வைத்திருக்கிற வரை ஒன்றும் ஆகாது. பிடி தளர்ந்த இடத்தில் பாம்பு மாதிரி பக்கவாட்டில் வளைந்துகொள்ளும். அதன் மேல் ரயில் வேகமாக வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் தண்டவாளத்தைப் பதிக்கும்போதே, எந்த வெப்பநிலையில் அது நீளவும் குறுகவும் தவிக்காமல் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து அதற்கேற்ப இழுத்துப் பூட்டுகிறார்கள். பிரிட்டனில் அந்த அளவு 27 டிகிரி. அங்கே வெயில் 30ஐத் தாண்டினாலே ரயில்கள் மெதுவாகப் போகின்றன என்று கேட்டு வெப்ப நாட்டுக்காரர்கள் சிரிப்பதுண்டு. காற்றின் வெப்பம் வேறு, தண்டவாளத்தின் வெப்பம் வேறு. நேர் வெயிலில் கம்பி காற்றை விட 20 டிகிரி வரை கூடுதலாகக் கொதிக்கும். அளவைக் கூட்டிப் பதித்தால் குளிர்காலத்தில் இழுவை தாங்காமல் கம்பி விரிசல் விடும். இரண்டு பக்கமும் நஷ்டம் உண்டு, நடுவில் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். சிக்கலான இடங்களில் கம்பியின் பக்கவாட்டில் வெள்ளை பூசுகிறார்கள், அதுவே 5 முதல் 10 டிகிரி வரை சூட்டைக் குறைக்குமாம். சிகாகோவில் தலைகீழ்: கடும் குளிரில் தடம் மாறும் இடங்களில் கம்பிக்குப் பக்கத்திலேயே வாயு அடுப்பு போல நெருப்பு எரியவிடுகிறார்கள், பனி உறைந்து, தடத்தை மாற்றிவிடுகிற பாயிண்ட் என்ற நகரும் கம்பி நகராமல் போகக்கூடாது என்பதற்காக. அந்தப் படங்களைப் பார்த்தால் தண்டவாளமே தீப்பிடித்து எரிகிற மாதிரி இருக்கும்.

காற்று பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1879 டிசம்பர் 28ஆம் தேதி இரவு, ஸ்காட்லாந்தில் டே நதிப் பாலம் புயல்காற்றில் விழுந்தபோது அதன்மேல் போய்க்கொண்டிருந்த ரயிலும் சேர்ந்து விழுந்தது, அதில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. காற்றின் அழுத்தத்துக்கென்று வடிவமைப்பில் தனியாக ஒதுக்கீடு செய்யவே இல்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் நடந்ததைத் தமிழில் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ரயில் அம்மியை விடக் கனம்தான், ஆனால் அதன் பக்கவாட்டுப் பரப்பும் பெரிது. காற்று பலமாக இருக்கிறது, பாலத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறோம் என்று சொன்னால் நான் வாயைத் திறப்பதில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 1991 பிப்ரவரியில் நடந்த ஒரு பனிக் கதை. பிரிட்டனில் கடும் பனிப்பொழிவு. இந்த முறை தயாராக இருக்கிறோம் என்று முன்பே சொல்லியிருந்தது பிரிட்டிஷ் ரயில் நிறுவனம், அப்புறமும் ரயில்கள் நின்றன. காரணம், வழக்கமாக விழும் ஈரப் பனிக்குப் பதிலாக மாவு மாதிரி நுண்ணிய பனி விழுந்திருந்தது. ரயிலின் மோட்டார்கள் குளிர்ச்சிக்காகக் காற்றை இழுக்கிற வழியாக அதுவும் உள்ளே போய், உருகி, மின்பாகங்களைக் கெடுத்துவிட்டது. டெர்ரி வொரல் என்ற அதிகாரி வானொலிப் பேட்டியில் இதை விளக்கி, இந்த வகைப் பனியால்தான் எங்களுக்குச் சிக்கல் என்றார். ஓ, அப்படியானால் இது தப்பான பனியா என்று பேட்டி எடுத்தவர் திருப்பிக் கேட்டார். அவ்வளவுதான். ‘தப்பான பனி’ பத்திரிகைத் தலைப்பாகி, உதவாத சாக்குகளுக்கெல்லாம் அங்கே அதுவே பெயராகிவிட்டது. அந்தச் சொல்லை வொரல் சொல்லவே இல்லை. அவர் சொன்னது ஒரு பொறியாளர் சொல்லக்கூடிய துல்லியமான உண்மை.

முதல் முறை படித்தபோது நானும் சிரித்தேன். பிறகு வெயில் பிளாட்பாரம் ஞாபகம் வந்தது. அங்கேயும் உண்மையைச் சொன்னபோதுதானே சிரித்தோம்? உள்ளபடி சொன்னால் ஊர் சிரிக்கிறது, பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டால் எரிச்சலோடு முடிந்துவிடுகிறது. அறிவிப்பு எழுதுகிறவர்கள் இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ‘மூன்றாவது பாயிண்டுக்குப் பக்கத்தில் ஜல்லியில் தண்ணீர் தேங்கி ரிலே விழுந்திருக்கிறது, பம்ப் வந்துகொண்டிருக்கிறது’ என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ‘வானிலை’ என்ற ஒரே போர்வையை எடுத்து எல்லாவற்றின் மேலும் போட்டுவிடுகிறார்கள்.

அந்தப் போர்வைக்குள் வானிலை அல்லாததும் ஒளிந்துகொள்ளும், அதுதான் என் உண்மையான புகார். ஸ்காட்லாந்தில் கார்மான்ட் என்ற இடத்தில் 2020 ஆகஸ்ட் 12ஆம் தேதி பெருமழையில் அடித்துவரப்பட்ட கற்களில் மோதி ஒரு ரயில் தடம் புரண்டது, மூன்று பேர் இறந்தார்கள். மழை அசாதாரணமானதுதான். ஆனால் அந்த இடத்து வடிகால், வடிவமைப்பில் இருந்தபடி கட்டப்படவே இல்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. மழை மேலிருந்து வந்தது, கற்கள் வடிகாலிலிருந்து வந்தன. என் வழித்தடத்திலும் ஒரு இடம் இருக்கிறது, பெரிய மழை சின்ன மழை என்ற பேதமே பார்க்காமல் தண்ணீர் கட்டும். ஓரத்துக் கால்வாயில் புல் ஆள் உயரம். ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டில் ‘வானிலை’ என்று எழுதும்போது எனக்குக் கை கூசும். புல் என்று எழுத வேண்டும்.

சரி, மழை இருபது நிமிடம்தானே பெய்தது, தாமதம் ஏன் ராத்திரி வரை இழுக்கிறது? இந்தக் கேள்வியைப் பெட்டியில் யாராவது ஒருவர் கேட்காத மழைநாளே கிடையாது. சட்டையில் முதல் பொத்தானை மாற்றிப் போட்டால் கடைசிப் பொத்தான் வரை எல்லாம் ஒன்று தள்ளித்தான் விழும், அது மாதிரிதான். காலையில் வந்த அதே பெட்டிகள்தான் திரும்பிப் போக வேண்டும். ஓட்டுநருக்கும் கார்டுக்கும் இத்தனை மணி நேரம்தான் தொடர்ந்து வேலை செய்யலாம் என்று வரம்பு உண்டு, அது முடிந்தால் அவர்களுக்குப் பதிலாக வர வேண்டியவர் இன்னொரு நின்றுபோன ரயிலில் உட்கார்ந்திருப்பார். கடைசி நிலையத்தில் பிளாட்பாரம் காலியாகாமல் அடுத்த ரயில் வெளியே காத்திருக்கும். அப்புறம் கூட்டம். தாமதமாக வரும் ரயிலுக்கு ஒவ்வொரு நிலையத்திலும் வழக்கத்தை விட அதிகம் பேர் சேர்ந்திருப்பார்கள், ஏற நேரமாகும், அதனால் இன்னும் தாமதமாகும், அடுத்த நிலையத்தில் இன்னும் அதிகம் பேர். அதன் பின்னாலேயே வருகிற ரயில் முக்கால்வாசிக் காலியாக ஊர்ந்து வரும். எல்லாருக்கும் இது தெரியும், ஆனாலும் முதல் ரயிலை விட்டுவிட்டு இரண்டாவதில் ஏறும் தைரியம் யாருக்கும் கிடையாது. அந்த இரண்டாவதை ரத்து செய்துவிட்டால்? அப்படி ஆன நாட்களும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன.

ரத்து என்றதும் கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். ‘நேரத்துக்கு வந்தது’ என்பதற்கு உலகத்தில் ஒரே பொருள் இல்லை. ஜெர்மனியின் தேசிய ரயில் நிறுவனத்தில் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதம் தாமதமே இல்லை. சுவிட்சர்லாந்தில் அந்த எல்லை மூன்று நிமிடம். பிரிட்டனில் வெகுகாலம் கடைசி நிலையத்தில் மட்டும்தான் பார்த்தார்கள், அங்கே புறநகர் ரயில் ஐந்து நிமிடத்துக்குள்ளும் தொலைதூர ரயில் பத்து நிமிடத்துக்குள்ளும் போய்ச் சேர்ந்தால் சரி. கால அட்டவணையில் கடைசித் துண்டுக்கு மட்டும் தாராளமாக நேரம் ஒதுக்கினால் என்ன ஆகும்? நடுவில் இறங்குகிறவர்கள் எல்லாம் தாமதம், ரயில் மட்டும் சரியான நேரம். ஜெர்மன் கணக்கில் இன்னொரு வேடிக்கை, ஓடாத ரயில் தாமதப் பட்டியலில் வராது. ஒரு மணி நேரம் லேட்டாக ஓடுகிற ரயிலை விட ஓடவே ஓடாத ரயில் புள்ளிவிவரத்துக்கு நல்லது. என் கணக்கு எளிது, நான் என் நாற்காலியில் போய் உட்காரும்போது மணி என்ன.

ஜப்பானைச் சொல்லாமல் ரயில் தாமதம் பற்றி யாரும் எழுதி முடிப்பதில்லை, நானும் விதிவிலக்கில்லை. ஐந்து நிமிடம் தாமதமானாலே அலுவலகத்தில் காட்டுவதற்கு அங்கே ரயில் நிறுவனமே சான்றிதழ் கொடுக்கும், இப்போது இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். 2017 நவம்பரில் ஒரு ரயில் 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டதற்கு அதை நடத்தும் நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. இவற்றை எல்லோரும் பகிர்ந்து பகிர்ந்து தேய்த்துவிட்டார்கள். எனக்கு ஜப்பானிடம் பிடித்தது வேறு ஒன்று. புயல் வருகிறது என்று தெரிந்தால் இன்ன நேரத்திலிருந்து ரயில்கள் ஓடாது என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். 2018 செப்டம்பர் 30ஆம் தேதி புயலுக்காக டோக்கியோ வட்டாரத்தில் ஜேஆர் கிழக்கு நிறுவனத்தின் புறநகர் ரயில்கள் அத்தனையும் இரவு எட்டு மணியிலிருந்து நின்றன. எட்டு என்றால் எட்டு. அதற்குள் வீட்டுக்குப் போ, இல்லாவிட்டால் தங்க இடம் பார். வானிலை அதே வானிலைதான், ஆனால் யாரும் வளைவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இதே ஜப்பானில் 2005 ஏப்ரல் 25ஆம் தேதி நடந்ததை நான் இன்னும் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். அமகசாகி நகரில், காலை நேரப் பயணிகள் ரயில், ஓட்டுநருக்கு 23 வயது. முந்தைய நிலையத்தில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய்ப் பின்னால் வந்ததில் ரயில் சுமார் ஒன்றரை நிமிடம் தாமதம். 70 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப வேண்டிய வளைவில் 116 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து, தடம் புரண்டு, பக்கத்தில் இருந்த குடியிருப்புக் கட்டடத்தில் மோதியது. ஓட்டுநரையும் சேர்த்து 107 பேர் இறந்தார்கள். தவறு செய்கிற ஓட்டுநர்களை அந்த நிறுவனம் தண்டனை போன்ற மறுபயிற்சிக்கு அனுப்புகிற வழக்கம் விசாரணையில் பேசப்பட்டது. வானிலையால் வந்த விபத்து இல்லை இது. ஆனால் ஒன்றரை நிமிடம் என்ற எண்ணைப் படித்த அன்று குறிப்பேட்டைத் திறக்கவில்லை. ஒன்றரை நிமிடத்தை நான் எழுதியே இருக்க மாட்டேன், அது தாமதக் கணக்கிலேயே வராது.

அதைப் படிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் நான் ஒரு நிலையத்தில் விசாரணைச் சன்னலுக்கு முன் நின்று கத்தியிருந்தேன். மழை, இரண்டு ரயில் ரத்து, மூன்றாவது முறையாகப் பத்து நிமிடம், குழந்தை தூங்குவதற்குள் வீட்டுக்குப் போகிறேன் என்று வேறு சொல்லியிருந்தேன். உள்ளே இருந்தவர் நான் முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உங்களுக்குத் தெரிஞ்சதுதான் சார் எனக்கும் தெரியும்” என்றார். அப்போது அது திமிராகக் கேட்டது. பிறகு அந்தச் சிக்னல் தங்கையிடம் சொன்னபோது அவர், அது உண்மை என்றார். கட்டுப்பாட்டு அறையில் முதல் அரை மணி நேரம் எந்த ரயில் எங்கே நிற்கிறது, எந்த ஓட்டுநருக்கு எத்தனை மணி நேரம் மிச்சம் என்று பார்ப்பதிலேயே போய்விடுமாம். தண்ணீர் எப்போது வடியும் என்று அவர்களுக்கும் தெரியாது. “அப்போ பத்து நிமிஷம்னு எதுக்குச் சொல்றாங்க?” “ஏதாவது ஒரு நம்பர் சொல்லணும்ல அண்ணா. தெரியலன்னு சொன்னா நீங்க விடுவீங்களா?”

விட்டிருப்பேனா? சன்னலில் நின்ற என்னை நினைத்துப் பார்த்தால், விட்டிருக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு மாலை, பெருமழை. பிளாட்பாரம் நிரம்பி வழிகிறது, கூரை ஒழுகாத இடமாகப் பார்த்து எல்லோரும் ஒட்டிக்கொண்டு நிற்கிறோம், குடைகளிலிருந்து சொட்டுவது பக்கத்தில் நிற்பவரின் தோளில் விழுகிறது. ஒலிபெருக்கி கரகரத்தது. வழக்கமான பதிவுக் குரல் இல்லை, யாரோ ஒருவர் நேரடியாகப் பேசினார், பேசிப் பழக்கமில்லாத குரல். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது, சிக்னல் வேலை செய்யவில்லை, ரயில் எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியவில்லை, ஒரு மணி நேரத்துக்குள் வர வாய்ப்பில்லை, வேறு வழியில் போக முடிந்தவர்கள் போய்விடுவது நல்லது. இரண்டு முறை அதையே சொன்னார். சிலர் சத்தம் போட்டார்கள், ஒருவர் ஒலிபெருக்கியைப் பார்த்துக் கையை ஆட்டித் திட்டினார், ஒருவர் சிரிக்கவும் செய்தார். ஆனால் ஐந்தே நிமிடத்தில் பிளாட்பாரம் பாதியாகிவிட்டது. மிச்சம் இருந்தவர்கள் பைகளை இறக்கி வைத்தார்கள். ஒரு பையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பாடப் புத்தகத்தைத் திறந்தான். நான் வீட்டுக்குப் போன் செய்து, தூங்க வைத்துவிடு, நான் வர நேரமாகும் என்று சொன்னேன். குறித்த நேரம் எதுவும் சொல்லாமல் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை.

ரயில் வந்தது. நல்லவேளை, உட்கார இடமும் கிடைத்தது. குறிப்பேட்டை எடுத்துத் தேதி எழுதினேன். அறிவிப்பில் சொன்ன நிமிடம் என்ற கட்டத்தில் ‘தெரியாது’ என்று எழுதினேன், நிஜத்தில் ஆனது 74. வித்தியாசம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

எதிரில் அவர் உட்கார்ந்திருந்தார், அட்டை பைக்குள். எட்டிப் பார்த்துவிட்டு, “76 அண்ணா” என்றார். “கதவு திறக்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு, அதைச் சேர்க்கலையா?”